புள்ளைக் காம்பராவுக்குப் படப் புத்தகம் எடுத்த கதை

1. பாதி பன்

காலை ஒன்பதரை மணி இருக்கும். தூளியில் கிடந்த கைக்குழந்தைக்கு ஈரத்துணியை மாற்றிவிட்டு நிமிர்ந்தேன். நிமிர்ந்ததும் தலைகளை எண்ணினேன். எங்கள் வேலையில் கை என்ன செய்தாலும் கண் எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். பதினாலு இருக்க வேண்டிய இடத்தில் பதிமூன்றுதான் இருந்தது.

புல்மணியைக் காணவில்லை.

வாசலுக்கு வந்து பார்த்தேன். கேட் திறந்து கிடந்தது. பால் கேனை இறக்கிவிட்டுப் போனவர் சாத்தாமல் போயிருக்கிறார். அவரைக் குறை சொல்லவில்லை. சாத்தியிருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. வெளியே கல் ரோட்டில், சிவப்பு ஸ்வெட்டரில், அவள் நின்றாள். மூன்று வயது. காலையில் நான் கொடுத்த பன்னில் பாதி இன்னும் கையில் இருந்தது. அதை முன்னால் நீட்டிக்கொண்டிருந்தாள். எதிரே பத்தடியில், தேயிலைச் செடிக்குள் வயிறு மறைய, ஒரு காட்டெருமை நின்றது. பெரிய கடா.

குன்னூர்ப் பக்கம் எஸ்டேட்டில் வேலை செய்கிறவர்களுக்குக் காட்டெருமை புதிதல்ல. அது பாட்டுக்கு மேயும், நாம் பாட்டுக்குச் சுற்றிப் போவோம். கத்தக்கூடாது, ஓடக்கூடாது, கிட்டே போகக்கூடாது. இதெல்லாம் பெரியவர்களுக்குத் தெரியும்.

நான் கத்தவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு மெதுவாக நடந்தேன். புல்மணி என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள், பன்னை இன்னும் கொஞ்சம் நீட்டினாள். கடா ஒரு தடவை மூக்கால் சீறியது. நான் அவளைப் பின்னாலிருந்து தூக்கி இடுப்பில் வைத்து, அதன் முகத்தைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்து, கேட்டுக்குள் வந்து கொக்கியைப் போட்டேன். பன் ரோட்டில் விழுந்து கிடந்தது. கடா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மேலே தேயிலைக் காட்டில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் இதைப் பார்த்துவிட்டார்கள். பகல் கொழுந்து நிறுவைக்கு முன்னாலேயே செய்தி ஆபீசுக்குப் போய்விட்டது. தொழிலாளர் நலம் பார்க்கிற வெல்ஃபேர் மேடம் ஜீப்பில் வந்து இறங்கினார். கோயம்புத்தூர்க்காரர், பட்டம் படித்தவர். கோபத்திலும் மரியாதை குறையாமல் பேசுவார்.

"ஏனுங்க ஆயாம்மா, அத்தன பெரிய மிருகத்துக்கிட்ட ஒரு புள்ள தானாப் போகுமுங்களா? எதுக்குப் போச்சு?"

எனக்குக் காரணம் தெரியும். வாய் திறக்கவில்லை. நாலு வயது தர்ஷன்தான் மூலையில் இருந்த பெட்டியைத் திறந்து, ஒரு படப் புத்தகத்தை எடுத்து வந்து மேடம் முன்னால் விரித்தான். ஒரு சின்னப் பெண் பன்னை நீட்டுகிறாள். கொம்பு வைத்த பெரிய மாடு நாக்கை நீட்டி அதை வாங்குகிறது.

மேடம் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, பெட்டியோடு எல்லாப் புத்தகத்தையும் ஜீப்பில் ஏற்றச் சொன்னார். நான் "சரிங்க மேடம்" என்றேன்.

2. என் வாய் செய்த வேலை

எங்கள் எஸ்டேட் குரூப்பில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஆயாமாருக்கு நான் ஏதாவது பேச வேண்டும் என்று கேட்டார்கள். கூட்டத்தில் எனக்குப் பேச்சு வராது. அதனால் எழுதிக் கொடுக்கிறேன். போர்டில் கிரெஷ் என்று எழுதியிருக்கும் இடத்தை நான் புள்ளைக் காம்பரா என்றுதான் சொல்வேன். இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்வோம். இந்தக் காம்பராவில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்தேன். பால் கொடுப்பது, தூங்க வைப்பது, கழுவி விடுவது, நாலரை மணிக்குத் தாய்மாரிடம் ஒப்படைப்பது, இவ்வளவுதான் வேலை என்று நினைத்திருந்தேன்.

ஓய்வு பெறுவதற்கு மூன்று வருஷம் இருக்கும்போது ஒரு பெட்டி வந்தது. குன்னூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேண்டாம் என்று கழித்த படப் புத்தகங்கள். கிழிந்துவிடுமே என்று முதலில் ஒரு மாசம் பீரோவில் வைத்துப் பூட்டினேன். அது முதல் தப்பு. ஜூன் மாசத்து மழையில் பிள்ளைகளை வெளியே விட முடியாமல் போன ஒரு வாரம், வேறு வழி இல்லாமல் திறந்தேன்.

நான் ஐந்தாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். பிள்ளைகளுக்குப் படம் தெரிய வேண்டும் என்றால் புத்தகத்தைக் கன்னத்துப் பக்கம் வைத்து அவர்கள் பார்க்கிற மாதிரி பிடிக்க வேண்டும். அப்படிப் பிடித்தால் எனக்கு எழுத்து தெரியாது. அதனால் முந்தின நாள் சாயங்காலமே வீட்டில் உட்கார்ந்து மனப்பாடம் செய்துகொள்வேன். பக்கத்துக்கு நாலு வரி இருந்தால் எனக்கு மனசில் நிற்காது. ஒரு வரி, இரண்டு வரி இருக்கிற புத்தகமாகவே எடுத்தேன். என் வசதிக்குத்தான் அப்படி எடுத்தேன். பிள்ளைகளுக்கும் அதுவே சரியாக இருந்தது.

புல்மணியின் அப்பா அம்மா ஜார்க்கண்டிலிருந்து கொழுந்து பறிக்க வந்தவர்கள். அவள் காம்பராவுக்கு வந்து நாலு மாசம் ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் பேச்சு அவளுக்குத் தெரியாது, அவள் பேச்சு எனக்குத் தெரியாது. அம்மா போன ரோட்டைப் பார்த்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். இந்த மாட்டுப் புத்தகத்தை நான் காட்டிய அன்றைக்குத்தான் கம்பியை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். மாடு நாக்கை நீட்டிய இடத்தில் வாய்விட்டுச் சிரித்தாள். அதற்கப்புறம் தினமும் அவளே அதை எடுத்துவந்து என் மடியில் போடுவாள். பத்து மணிக்குத் தாய்மார் கைக்குழந்தைகளுக்குப் பால் கொடுக்க வரும்போது, அவள் அம்மா சுக்மதியும் கூடவே வந்து, மகள் சிரிப்பதை வெளியே நின்று பார்த்துவிட்டுப் போவாள்.

என் தப்பு இங்கேதான் இருக்கிறது. புத்தகத்தில் இருந்தது உழவு மாடு. ஆனால் எங்கள் பிள்ளைகள் ஏரையும் பார்த்ததில்லை, உழவு மாட்டையும் பார்த்ததில்லை. இங்கே இருப்பது தேயிலை மட்டும்தான். படத்தில் அந்த மாட்டுக்கு முழங்கால் வரைக்கும் வெள்ளை. காட்டெருமைக்கும் அப்படித்தான், சாக்ஸ் போட்ட மாதிரி இருக்கும். பிள்ளைகளுக்குத் தெரிந்ததாக இருக்கட்டுமே என்று, "இது யாரு, நம்ம காட்டெருமை" என்று சொல்லிவிட்டேன். ஒரே கும்மாளம். அந்தக் கும்மாளத்துக்காகத் தினமும் அப்படியே சொன்னேன். மலைக்குக் கீழே, உழவு மாடு இருக்கிற ஊரில் எந்த டீச்சருக்கும் இந்தத் தப்பு வந்திருக்காது.

3. ஏழாம் நம்பர் வீடு

புத்தகம் இருந்த மூலையில் மேடம் எழுத்து சார்ட் மாட்டினார். பெரியவர்கள் கண்ணுக்கு நேராக இருந்தது. பிள்ளைகள் அண்ணாந்து பார்க்க வேண்டும்.

சுக்மதி பயந்துபோய் இரண்டு நாள் பிள்ளையை அனுப்பவில்லை. திங்கட்கிழமை கொண்டுவந்து விட்டாள். புல்மணி நேராகப் பெட்டி இருந்த இடத்துக்குப் போனாள். கையால் தரையைத் தடவிப் பார்த்தாள். அப்புறம் படுத்துக்கொண்டு அழ ஆரம்பித்தவள் மத்தியானம் வரை நிறுத்தவில்லை. நான் பாட்டுப் பாடினேன், பால் கொடுத்தேன், தூக்கிக்கொண்டு நடந்தேன். பிரயோஜனம் இல்லை.

செவ்வாய்க்கிழமை அவள் வரவில்லை. பத்து மணிக்குப் பால் கொடுக்க வந்த ராணியிடம் கேட்டேன். ராணி தர்ஷனின் அம்மா. மடியில் கைக்குழந்தை இன்னொன்று உண்டு. நாக்கு கொஞ்சம் நீளம்.

"சுக்மதி கொழுந்துக்கு வந்திருக்கா ஆயாக்கா. புள்ளைய ஊட்டுக்குள்ள வெச்சுப் பூட்டிட்டு வந்துட்டா."

"தனியாவா?"

"பின்ன, காவலுக்குக் காட்டெருமையவா வெப்பா?"

பிள்ளைகள் சாப்பிட்டுத் தூங்கும் நேரத்தில், மறுபடி பால் கொடுக்க வந்த ராணியை உட்கார வைத்துவிட்டு, தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்துக்குப் போனேன். ஏழாம் நம்பர் வீடு. கதவில் பூட்டுத் தொங்கியது. உள்ளே அடுப்பு இருக்கும், தண்ணீர் டிரம் இருக்கும், அரிவாள் இருக்கும். எங்கள் லயத்து வீடு ஒவ்வொன்றிலும் என்ன எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும். உள்ளேயிருந்து டம்ளரால் கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது. அவசரமாகத் தட்டவில்லை. ரொம்ப நேரமாகத் தட்டித் தட்டி அலுத்துப்போன தட்டு.

பேர் சொல்லிக் கூப்பிட்டேன். சத்தம் நின்றது. கதவுக்குக் கீழே இருந்த சந்து வழியாக நாலு விரல் வெளியே வந்தது. நான் தரையில் உட்கார்ந்து அந்த விரல்களைப் பிடித்துக்கொண்டேன். அந்த வழியாகப் போன ஒருவரிடம் சொல்லியனுப்ப, சுக்மதி கூடையோடு ஓடிவந்து பூட்டைத் திறந்தாள். அவள் தமிழ் கொஞ்சம்தான். அதில் சொன்னாள்.

"அங்க அழுது. இங்க தூங்குது. எனக்கு என்னா செய்ய?"

அவளைத் திட்ட வேண்டும் என்றுதான் வாய் திறந்தேன். திட்டாமல் புல்மணியைத் தூக்கி அவள் கையில் கொடுத்தேன். அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருந்தால் பெட்டி போயிருக்காது, இந்தப் பூட்டும் தொங்கியிருக்காது.

4. புதன்கிழமை

புதன்கிழமை சாயங்காலம் ஆபீஸ் வராந்தாவில் எஸ்டேட் மானேஜர் துரை தொழிலாளர்களைப் பார்ப்பார். குறை இருந்தால் சொல்லலாம். அதுவரை அந்த வராந்தாவில் நான் ஏறியது ஒரே தடவை, மகன் கல்யாணத்துக்கு லீவு கேட்க. அன்றைக்கும் "துரை" என்று மட்டும்தான் சொன்னேன். மீதியை என் வீட்டுக்காரர் சொன்னார்.

ராணி கூடவே வந்தாள். நான் பாதிப் படியில் நின்றுவிட்டதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "நீங்க பேசாட்டி நான் பேசிருவேன். நான் பேசுனா நாளைக்கு உங்களுக்கு வேல இருக்காது. யோசிச்சுக்கங்க."

உள்ளே துரை இருந்தார், பக்கத்தில் மேடம் இருந்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"அந்தப் புத்தகத்து மேல தப்பு இல்லீங்க துரை. அதுல இருந்தது உழவு மாடு. நான்தான் காட்டெருமைன்னு சொல்லிக் குடுத்தேன். தப்பு எம்மேலதாங்க."

மேடம், அன்றைக்கே இதைச் சொல்லியிருக்கலாமே என்றார். பயமாக இருந்தது என்றேன். அப்புறம் ஏழாம் நம்பர் வீட்டுப் பூட்டைப் பற்றிச் சொன்னேன். டம்ளர் சத்தத்தைச் சொன்னேன். விரலைச் சொன்னேன். அவ்வளவு நேரம் நான் ஒரு மூச்சில் பேசியது என் கல்யாணத்துக்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை.

துரை பேனாவை மூடி வைத்தார். பெட்டியைத் திருப்பிக் கொடுத்தால் மறுபடி இப்படி நடக்காது என்று எப்படி நம்புவது என்று கேட்டார்.

"இனிமே என்ன புத்தகம்னு நானே பார்த்து எடுக்குறேங்க" என்றேன். எப்படி அது வாயிலிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

புத்தகம் எடுப்பதற்கு ஒரு படிப்பு வேண்டாமா என்றார் மேடம். அதில் கேலி இல்லை, உண்மையாகவே கேட்டார். துரை ஒரு முடிவு சொன்னார். சனிக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் கோயம்புத்தூர் கடைக்குப் போக வேண்டும். மேடம் ஐந்து, நான் ஐந்து. ஒரு மாசம் பத்தையும் காம்பராவில் வைக்க வேண்டும்.

"உங்க புத்தகத்தப் பிள்ளைங்க எடுத்துப் பார்த்தா, பழைய பெட்டியும் திரும்பி வரும். இல்லேன்னா மேடம் சொல்றதுதான். யாரு சரின்னு பிள்ளைங்களே சொல்லட்டும்."

அன்றைக்கு வீடு திரும்பும் வழியில் சுக்மதி வீட்டுக்குப் போய், நாளையிலிருந்து பிள்ளையைக் கொண்டுவா, அழுதால் நாள் முழுக்க இடுப்பில் வைத்திருக்கிறேன் என்று கையைக் காட்டிச் சொன்னேன். வியாழன், வெள்ளி இரண்டு நாளும் அப்படித்தான் வைத்திருந்தேன். இடுப்பு போய்விட்டது. ஆனால் பூட்டுத் தொங்கவில்லை.

5. எட்டு அடி

சனிக்கிழமை எங்கள் எஸ்டேட்டின் கீழ் டிவிஷன் ஆயா வந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார். கடை ஏசி போட்ட பெரிய கடை. நான் வாசலில் செருப்பைக் கழற்றினேன். கடைப் பெண், போட்டுக்கொண்டே வரலாம் என்றாள். பரவாயில்லை, தரையில்தான் உட்காரப் போகிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். பிள்ளைகள் அந்த உயரத்தில்தான் புத்தகத்தைப் பார்க்கிறார்கள்.

மேடம் எடுத்தவை எல்லாம் பளபள என்று இருந்தன. ஒன்றில் சிங்கத்துக்குக் கிரீடம். இரண்டில் கதை முடிந்ததும் கட்டம் போட்டு நீதி எழுதியிருந்தது. என் அனுபவத்தில் பிள்ளைகள் அந்தக் கட்டத்துக்கு வரும் முன்பே புத்தகத்தை மூடிவிடுவார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு குழந்தை கரடியைக் கட்டிப்பிடித்துத் தூங்குகிற புத்தகத்தை எடுத்தபோது மட்டும் சொன்னேன், நம் லயத்துக்குப் பின்னால் கரடி வருகிறது என்று. மேடம் அதை மறுபடி ஒரு தடவை பார்த்துவிட்டு, தானே அலமாரியில் வைத்துவிட்டார்.

நான் எடுத்த விதம் இதுதான். முதலில் மேடத்திடம் புத்தகத்தைக் கொடுத்து, கன்னத்துப் பக்கம் பிடிக்கச் சொன்னேன். நான் எட்டு அடி தள்ளிப் போய் உட்கார்ந்தேன். காம்பராவில் என் பாய்க்கும் கடைசிப் பிள்ளைக்கும் நடுவில் அவ்வளவு தூரம். அங்கிருந்து படத்தில் என்ன நடக்கிறது என்று தெரியவில்லையென்றால் அந்தப் புத்தகம் வேண்டாம். சனிக்கிழமை கூட்டத்தில் மேடம் முகம் சிவக்கப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆனால் கையை இறக்கவில்லை.

அடுத்து, எழுத்தை மறைத்துக்கொண்டு படத்தை மட்டும் கடைப் பெண்ணிடம் காட்டிக் கதை கேட்டேன். அவள் தடுமாறினால் பிள்ளையும் தடுமாறும். எந்த மொழிப் பிள்ளைக்கும் படம் கதை சொல்ல வேண்டும். மிருகம் வந்தால், அது எங்கள் வாசலுக்கு வருகிற மிருகமா என்று பார்த்தேன். கடைசிப் பக்கத்தையும் பார்த்தேன். அதில் யாராவது வீட்டுக்கு வந்து சேர வேண்டும், இல்லையென்றால் யாராவது மடியில் உட்கார வேண்டும். எங்கள் பிள்ளைகள் காலை ஏழரையிலிருந்து சாயங்காலம் நாலரை வரை அதற்காகத்தான் காத்திருக்கிறார்கள்.

ஐந்தாவதாக ஒரு புத்தகம் கிடைத்தது. அதில் எழுத்தே இல்லை. ஒரு அம்மா தன் கோழியைத் தேடிக்கொண்டு போகிறாள். கட்டிலுக்கு அடியில் பார்க்கிறாள், கூரையில் பார்க்கிறாள், சந்தையில் கேட்கிறாள். கோழி எல்லாப் பக்கத்திலும் அவளுக்குப் பின்னாலேயே நடந்து வருகிறது. கடைசியில் அவள் களைத்துப்போய் வாசலில் உட்கார, கோழி மடியில் ஏறுகிறது.

"எழுத்தே இல்லீங்களே ஆயாம்மா. இத வெச்சு என்னங்க சொல்லிக் குடுப்பீங்க?"

"நான் சொல்லிக் குடுக்க வேண்டாமுங்க மேடம். அதுகளே சொல்லும்."

6. பீச்சே

திங்கட்கிழமை பத்தையும் பாயில் பரப்பினேன். எது யாருடையது என்று சொல்லவில்லை. பிள்ளைகள் முதலில் பளபளப்பாக இருந்ததைத்தான் பிடுங்கினார்கள். இரண்டு நாள் அப்படியே போனது. மூன்றாம் நாள் கோழிப் புத்தகத்தை எடுத்தேன். புல்மணி வழக்கம் போல் என் இடுப்பில் இருந்தாள். நான் ஒரு வார்த்தை பேசாமல், தேடுகிற மாதிரி முகத்தை மட்டும் வைத்துக்கொண்டு பக்கத்தைத் திருப்பினேன். இரண்டாம் பக்கத்தில் தர்ஷன் கத்தினான், "பின்னால இருக்கு". மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். எங்கே, எங்கே என்று நான் சுவரைப் பார்த்தேன்.

புல்மணி இடுப்பிலிருந்து வழுக்கிக் கீழே இறங்கினாள். கோழியின் மேல் விரலை வைத்தாள்.

"பீச்சே" என்றாள்.

காம்பராவில் அவள் பேசிய முதல் வார்த்தை. பத்து மணிக்கு வந்த சுக்மதியிடம் அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். பின்னால் என்று கையால் காட்டினாள். நான் நடந்ததைச் சொன்னதும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அன்றிலிருந்து பேசத் தெரிந்த அத்தனை பிள்ளைகளும் "பீச்சே" என்றுதான் கத்தினார்கள். ஃபீல்டு ஆபீசர் ஒரு நாள் பேர் பதிகிற செக்ரோலோடு வந்து எட்டிப் பார்க்க, அவரையும் பார்த்துக் கத்தினார்கள். மனுஷன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

மாசம் முடிந்ததும் துரையும் மேடமும் வந்தார்கள். பத்துப் புத்தகத்தையும் வரிசையாக வைத்தேன். என் ஐந்தும் ஓரம் மடங்கி, அழுக்கேறி, செலோ டேப் ஒட்டிக் கிடந்தன. மேடம் எடுத்ததில் நாலு புதிது மாதிரியே இருந்தது. ஐந்தாவதான ரயில் புத்தகம் என்னுடையதைப் போலவே கிழிந்திருந்தது. அது மேடம் எடுத்தது, நல்ல புத்தகம் என்று நானே சொன்னேன். உண்மையைச் சொல்லாமல் பட்ட பாடு போதும்.

மேடம் கோழிப் புத்தகத்தைக் கையில் எடுத்தார். கஞ்சி போட்ட சேலையோடு பாயில் உட்கார்ந்தார். "கோழி எங்கீங்க போச்சு, காணோமே" என்று பிள்ளைகளிடமும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். புல்மணிக்கு அது விளையாட்டு என்று தெரியவில்லை. மேடத்துக்கு உண்மையாகவே கண் தெரியவில்லை என்று நினைத்துவிட்டாள். எழுந்து போய், மேடத்தின் தாடையை இரண்டு கையாலும் பிடித்துப் புத்தகத்துப் பக்கம் திருப்பினாள்.

"பீச்சே பாரு, மேடம்."

மேடம் அந்தக் கையை எடுத்துவிடவில்லை. துரை வாசலுக்குப் போய் டிரைவரைக் கூப்பிட்டு, ஜீப்பில் இருக்கும் பெட்டியை இறக்கச் சொன்னார். அதைக் கூடவே கொண்டு வந்திருக்கிறார். வெளியே நின்றிருந்த ராணி எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "செயிச்சுட்டீங்க ஆயாக்கா, இப்பவாச்சும் தலைய நிமிந்து நில்லுங்க" என்றாள். நின்றேன்.

மற்ற நாலு டிவிஷன் காம்பராவுக்கும் ஆயாவே புத்தகம் எடுக்கட்டும் என்று துரை சொன்னார். மேடம் எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டார். "நானும் வர்றேனுங்க. எட்டு அடி தள்ளி நின்னு புடிக்க ஒரு ஆள் வேணுமில்லீங்களா."

ஓய்வு பெறும் வரை அப்படித்தான் சேர்ந்து எடுத்தோம். புல்மணி இப்போது இரண்டாவது படிக்கிறாள்.

நான் கற்றுக்கொண்டதைச் சொல்லிவிடுகிறேன். புத்தகத்தில் இருப்பதை இருக்கிறபடி சொல்லுங்கள். சிரிப்பு வருகிறது என்பதற்காக மாற்றாதீர்கள். பெரியவளுக்குத் தெரியாதது பிள்ளைக்குத் தெரிகிற மாதிரி ஒரு புத்தகமாவது வைத்திருங்கள். அதைப் பிடித்துக்கொண்டு நீங்கள் முட்டாளாக நடிக்க வேண்டும், வெட்கப்படக்கூடாது. தப்பு செய்தால் அன்றைக்கே சொல்லுங்கள். நான் ஆறு நாள் வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு ஒரு பிள்ளை பூட்டிய வீட்டுக்குள் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது.

புதுப் புத்தகம் வந்தால் முதலில் யாரிடம் கொடுப்பது என்று கேட்பீர்கள். அதிகமாக அழுகிற பிள்ளையிடம் கொடுங்கள். மற்றவர்கள் கொஞ்ச நேரம் காத்திருப்பார்கள்.